பன்னிரண்டாவது வரிசை

"ரெண்டு வாரமெல்லாம் நடக்காது, குன்வோர், நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"நடக்காதுன்னு யார் சொன்னா? நீதான் சொல்றே. உன்னைத் தவிர வேற—"

"நான் ஒரு நாள் இல்லேன்னா அங்க அத்தனை பேரும்—"

"அத்தனை பேருக்கும் கை இருக்கு, கண்ணு இருக்கு, மூளை இருக்கு."

"இருக்கு. எவனும் எடுத்து உபயோகிக்க மாட்டான். அதான் பிரச்சினை, டீச்சரம்மா."

சொல்லிவிட்டு ஷூர் சிரித்தான். எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறவள் என்பதால் அவனுக்கு நான் டீச்சரம்மா. நானும் சிரித்தேன். எங்களுக்குள் நடந்த சண்டை இவ்வளவுதான். தீவுக்குப் போகிற வழியில், படகு எஞ்சினின் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு. அவனோடு உங்களுக்கு முன்விரோதம் உண்டா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். விரோதம் எதுவும் இல்லை. எனக்கு அவனைப் பிடிக்கும்.

வாயால் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லிக் காகிதமும் ஒரு குடுவை காபியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் காபி எங்கள் அலுவலகக் காபியைவிட நன்றாக இருக்கிறது. எனக்கு அறுபத்து நான்கு வயது. வரிசைப்படி எழுதியே பழகியவள். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

நார்வே மேற்குக் கரையின் ஏழு நகராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே கணினி அலுவலகம். அதில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். எந்த நர்ஸ் எந்த முதியவரின் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய் எந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிற செயலி எங்களுடையது. அது அரை நாள் நின்றால் மலைச்சரிவில் தனியாக இருக்கிற யாரோ ஒரு கிழவிக்கு இன்சுலின் போகாது. ஆகவே அது நிற்கக் கூடாது. நிற்காமல் பார்த்துக்கொண்டவள் நான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போயிருக்கிறேன். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறை சொல்லவில்லை. "குன்வோரைக் கூப்பிடு" என்பார்கள், கூப்பிடுவார்கள், நான் போவேன்.

இப்போதெல்லாம் செயலிகள் எங்கள் நிலவறையில் ஓடுவதில்லை. மூன்று பெரிய கம்பெனிகளின் கிளவுடில் வாடகைக்கு இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வீடு மாற்றுவதைப் போன்றது. ஒவ்வொரு கம்பெனிக்கும் வாசல் வேறு, பூட்டு வேறு. கையால் மாற்றினால் எனக்கு இரண்டு நாள் ஆகும். 'லோஸ்' என்றொரு கருவி இருக்கிறது, ஒரே ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்தால் போதும், எந்த கிளவுடிலும் தானே போய்ச் செயலியை நிறுவிவிடும் என்றார்கள். துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டி அழைத்து வருகிறவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். செப்டம்பரில் நான் ஓய்வு பெறுவதற்குள் அதை ஆராய்ந்து, ஏற்கலாமா வேண்டாமா என்று எழுதித் தர வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த கடைசி வேலை.

அட்டவணையில் பன்னிரண்டு வரிசை போட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். என் வழி எப்போதும் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிப் பார்ப்பேன். கையேட்டில் எழுதியிருப்பதை நம்பி நான் மார்க் போட்டதில்லை. நர்ஸ்களின் செயலிக்கு ஒரு நகல் செய்து, லோஸ் அதை ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிற நேரத்தில் பாதியில் இணைப்பை அறுத்தேன். அது பதறவில்லை. விட்ட இடத்தைக் கண்டுபிடித்து மேலே போனது. மொத்தம் பதினோரு நிமிடம். நான் இரண்டு நாள் செய்கிற வேலை. சாவியை மாற்றி வைத்தேன், குறிப்பில் வேண்டுமென்றே தவறு எழுதினேன், ஒரு கம்பெனியே காணாமல் போனதுபோல் செய்து பார்த்தேன். பெரும்பாலும் நான்கு, சிலவற்றில் ஐந்து. நல்ல கருவி. அதை நான் மறைத்ததில்லை.

பன்னிரண்டாவது வரிசையில்தான் நின்றுபோனேன். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தலைவர் டாக்ஃபின் தன் கையால் வாஃபிள் சுட்டுத் தருவார். அவருக்கு நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர், எதையும் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்.

"இன்னும் ஒண்ணுதானே பாக்கி?" என்றார், வாஃபிள் அச்சைத் திறந்துகொண்டே.

"அதைப் பராமரிக்கிற ஆள் இல்லாமப் போனா என்ன ஆகும்ங்கறது."

"எத்தனை பேர் பராமரிக்கிறாங்க?"

"ஒருத்தன்."

"உலகம் பூரா உபயோகிக்கிறாங்க, ஒரே ஒருத்தனா? அவன் நாளைக்கே பஸ்ல அடிபட்டா?"

எங்கள் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள்.

"தெரியாது," என்றேன்.

"தோராயமா ஒரு ரெண்டு போட்டு முடிங்களேன்."

"தோராயமா நான் போடறதில்லை."

"உங்களோட பெரிய ரோதனை, குன்வோர். ஜாம் வேணுமா, பழுப்புச் சீஸ் போதுமா?"

அந்த ஒருவன்தான் ஷூர். நாற்பத்து நான்கு வயது. வடக்கே நான்கு மணி நேரத் தொலைவில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒரு ஃபியோர்டின் கரையில், மீன் தீவனக் கம்பெனி ஒன்றில் பகல் வேலை. மனைவியோடு பிரிந்து ஆறு வருடம். மகள் தூவா தாயோடு பக்கத்து ஊரில். மற்ற நேரமெல்லாம் லோஸ்தான். யார் எங்கிருந்து சந்தேகம் கேட்டாலும் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். அவனுக்கு அதில் ஒரு காசு வருமானமில்லை. எழுதிப் பழகி, பிறகு திரையில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தோம். முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் என் முகம் இருந்தது, இருபது வருடத்துக்கு முந்தையது.

என்னுடைய பன்னிரண்டாவது வரிசையை அவனிடம் மறைக்கவில்லை. பதினான்கு நாள் நீ எதற்கும் பதில் சொல்லாமல் இரு, மற்றவர்கள் எடுத்துச் செய்கிறார்களா என்று நான் பார்க்கிறேன் என்றேன். மார்ச்சில் ஒப்புக்கொண்டான். இரண்டாம் நாளே பெட்ரூ என்கிற பெயரில் ஒருவர் வந்து பிரேசில்காரர் ஒருவரின் சிக்கலைத் தீர்த்துவிட்டுப் போனார். நான் ஷூரைத் திரையில் அழைத்தேன்.

"அது நீதானே?"

"எது?"

"பெட்ரூ."

"அவன் யாரோ போர்ச்சுகல்காரன்."

"எந்தப் போர்ச்சுகல்காரனும் உன்னை மாதிரி 'தப்பு என்னுதுதான், மன்னிக்கணும்'னு ஆரம்பிக்க மாட்டான்பா."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். பிறகு கைகளை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

"முடியல, குன்வோர். போன் ஒரு தடவை முனகினாப் போதும், கை தானாப் போகுது."

"கடைசியா எப்ப முழுசாத் தூங்கினே?"

"தூவா பிறக்கறதுக்கு முன்னாடி."

"அவளுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினஞ்சு. மே மாசம் சர்ச்சுல அவளுக்குத் திடப்படுத்தல் சடங்கு. விருந்துல அப்பன் எழுந்து நின்னு மகளைப் பத்திப் பேசணும்."

"எழுதிட்டியா?"

"நேரம் எங்க இருக்கு?"

இந்தப் பேச்சு நடந்ததை நான் மறுக்கவில்லை. மே மாதம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னான். இருபத்தொன்றாம் தேதி.

ஏப்ரலில் இரண்டாம் முறை முயன்றோம். நான்கு மணி நேரம் தாங்கினான்.

என் தகப்பனார் விட்டுப்போன குடில் ஒன்று தீவில் இருக்கிறது. கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். எங்கள் பாறையில் எங்கள் குடில் மட்டும்தான். கைபேசிச் சிக்னல் வராது. ஈஸ்டருக்குப் பிறகு நான் மூன்று தடவை தனியாகப் போய்ச் சாமான்களை இறக்கி வைத்தேன். தட்டை ரொட்டி, மீன் உருண்டை டப்பாக்கள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, காபி, தண்ணீர்க் கேன்கள், விறகு. ஒருவர் மூன்று வாரம் தாராளமாகச் சாப்பிடலாம். அப்போதே முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். விருந்தாளியைக் குறைவாக வைத்துக்கொண்டு கூப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். நீங்கள் கேட்டதும் உண்மைதான்.

வார இறுதிக்கு வா, இரண்டு நாள் தூங்கு, உரையை எழுது என்று அழைத்தேன். மே பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை வந்தான். காரைத் துறையில் விட்டான். பின் ஜன்னலில் துணிக்கடை உறைக்குள் ஒரு புது கோட்டு தொங்கியது. படகில் கடைசியாக ஒருமுறை பதினான்கு நாள் பேச்சை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன். குடில் வாசலில் ஒரு கூடை உண்டு, வருகிறவர்கள் கைபேசியை அதில் போட வேண்டும். அப்பா காலத்தில் அது கைக்கடிகாரத்துக்கான கூடை. அவன் போட்டான், ஆனால் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். காட் மீன் வேகவைத்தேன். எட்டு மணிக்கே நாற்காலியில் தூங்கிப்போனான். போர்வை போர்த்தினேன்.

சனிக்கிழமை காலையில், பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகை எடுத்தேன். கூடையையும் எடுத்துக்கொண்டேன். உயிர்காப்புச் சட்டைகள் இரண்டும் படகில்தான் இருந்தன, அவை எப்போதும் படகில்தான் இருக்கும். அவன் பாறை மேல் நின்று, "கேக் கிடைச்சாலும் வாங்கிட்டு வாங்க, டீச்சரம்மா" என்றான். சரி என்றேன்.

கரையில் இறங்கி வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள், ஒரு கிளவுட் கம்பெனி தன் வாசல் பூட்டை மாற்றியது. லோஸ் உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. லோஸின் இணையப் பக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கத்தினார்கள். வழக்கமாக ஷூர் பத்து நிமிடத்தில் வந்திருப்பான். இந்த முறை வரவில்லை. மூன்றாம் நாள் பிராகாவில் ஒரு பெண், உட்ரெக்ட்டில் ஒரு மாணவன், நாக்பூரில் ஒருவர், மூவரும் சேர்ந்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். ஷூர் எழுதியதைவிடச் சுத்தமாக இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை, நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டவணையில் பன்னிரண்டாவது வரிசையில் ஐந்து என்று எழுதினேன். எழுதியதும் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு. அந்த மூவரில் ஒருவரும் ஷூர் எங்கே என்று கேட்கவில்லை. மாணவன் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தான்: "நார்வேக்காரர் அல்லவா, லீவில் இருப்பார், அவர்களுக்கு வருடம் முழுக்க லீவு." அதற்குப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். பதினைந்து வருடம் தூங்காதவனுக்கு.

அந்த வாரம் நானும் விடுப்பில் இருந்தேன். டாக்ஃபின் லோஸைச் சோதனையாக நிஜச் செயலிக்கே மாட்டியிருந்தார். என் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பதினேழாம் தேதி தேசிய நாளன்றுகூட இல்லை. முந்தைய வருடங்களில் ஊர்வலத்தின் நடுவில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தீவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குடில் புத்தகத்தை நீங்கள்தான் எடுத்து வந்தீர்கள். குடிலுக்கு வருகிறவர்கள் அன்றன்றைய வானிலையையும் என்ன செய்தோம் என்பதையும் அதில் எழுதிவைக்க வேண்டும். அவன் ஒழுங்காக எழுதியிருக்கிறான். நீங்கள் படித்துக் காட்டினீர்கள்.

"சனி. வெயில். பன்னிரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன், நம்ப முடியவில்லை. குன்வோர் பாலுக்குப் போயிருக்கிறார்."

"ஞாயிறு. மேகம். குன்வோர் வரவில்லை. எஞ்சின் பழுதா?"

"திங்கள். மழை. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. அறுபத்து நான்கு வயதில் தனியாகப் போகவிட்டது என் தப்பு."

இதைப் படித்தபோது நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

புதன்கிழமை, தேசிய நாள், அவன் கொடிக்கம்பத்தில் கொடியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் காட்டியிருக்கிறான். தூரத்தில் போன படகுகளில் இருந்தவர்கள் பதிலுக்குக் கொடி ஆட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் எல்லோருக்கும் ஆட்டுவார்கள். புகைபோக்கியிலிருந்து புகை வந்தால், உள்ளே ஆள் சௌக்கியமாக இருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சனிக்கிழமை அவன் விறகுக் கொட்டகையின் கதவைக் கழற்றியிருக்கிறான். காலியான தண்ணீர்க் கேன்களை அதன் அடியில் கட்டியிருக்கிறான். முடிச்சுகள் நன்றாக இருந்ததாகச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டான். சர்ச்சில் ஆராதனை பதினோரு மணிக்கு. கடல் நீர் எட்டு டிகிரி. வலை எடுக்க வந்த ஒருவர் முதலில் கதவைப் பார்த்தார், பிறகு அவன் உடலை. புத்தகத்தின் கடைசி நான்கு பக்கத்தைக் கிழித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். அவன் எழுதி முடித்த உரை. அதை நீங்கள் என்னிடம் படிக்கவில்லை. அது எனக்கானதில்லை என்றீர்கள். சரிதான்.

அவனை ஒன்பது நாள் யாரும் தேடி வராதது எப்படி என்று உங்களுக்கு முதலில் புரியவில்லை. கைபேசி என்னிடம் இருந்ததே. திறக்கிற எண்ணை அன்று படகில் அவன் எத்தனையோ முறை என் முன்னால் அழுத்தினான். தீவனக் கம்பெனிக்கு, இரண்டு வாரம் உடல்நல விடுப்பு என்று அனுப்பினேன். அவனுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது, எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருப்பார். மகளும் மெசேஜ் அனுப்பினாள். பதில் போடாமல் விட்டால் ஆள் வைத்துத் தேடியிருப்பார்கள், பதினான்கு நாள் கெட்டிருக்கும். அவன் எப்படி எழுதுவான் என்று எனக்குத் தெரியும். "தப்பு என்னுதுதான், கண்ணு, மன்னிக்கணும். அப்பாவுக்கு உடம்பு முடியல. ஞாயித்துக்கிழமை என்னை எதிர்பார்க்காதே." அதைப் பதினெட்டாம் தேதி அனுப்பினேன்.

ஆகவே, ஆம். அவனை அங்கே கொண்டுபோனவள் நான். படகை எடுத்து வந்தவள் நான். அவன் பெயரில் எழுதியவள் நான். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. கொல்ல நினைக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்காக இதைக் குறைவாக எழுத வேண்டாம். அவன் இல்லாமலும் உலகம் ஓடும் என்று தெரிந்தால் அவன் கொஞ்சம் தூங்குவான் என்று நினைத்தேன். இருபத்தாறாம் தேதி போய், ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்து, பார், ஐந்து மார்க் என்று சொல்வதாக இருந்தேன். கேக்கும் வாங்குவதாக இருந்தேன்.

ரிப்போர்ட்டை அலுவலகம் ஏற்றுக்கொண்டதாக டாக்ஃபின் சொல்லியனுப்பியிருக்கிறார். பன்னிரண்டாவது வரிசையை அவர் திருத்தவில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

நேற்று கடைசியாக நமக்குள் நடந்த பேச்சையும் சேர்த்து எழுதும்படி சொன்னீர்கள். எனக்குச் சோர்வாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

"மூணாம் நாளே அஞ்சு மார்க் போட்டுட்டீங்க," என்றீர்கள். "நாலாம் நாள் ஏன் படகை எடுக்கல?"

"பதினாலு நாள்னு அட்டவணையில இருந்துச்சு."

"அட்டவணை போட்டதும் நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப எதுக்குக் காத்திருந்தீங்க, குன்வோர்?"

உள்ளதைச் சொன்னேன். "அவன் எங்கன்னு யாராவது ஒருத்தர் கேக்கறாங்களான்னு பார்த்துட்டிருந்தேன். தினமும் பார்த்தேன். கேட்டிருந்தா அன்னிக்கே போயிருப்பேன். ஒருத்தர்கூடக் கேக்கல. அவனுக்காக எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

"தூவா ஆறு தடவை கேட்டிருக்கா. அப்பா, எங்க இருக்கீங்கன்னு. ஆறும் உங்க கையிலதானே இருந்துச்சு?"